டைனோசர் பார்க்க வர்ற மருமவனுக்கு

வாப்பா மருமவனே! பட்டணத்துலேருந்து பொண்டாட்டி புள்ளைங்களோட வாரணவாசி புதைபடிவ மியூசியம் பார்க்க வர்றியாம், உங்கம்மா போன்ல சொன்னா. மாமன் ரெண்டு மூணு யோசனை சொல்றேன், கேட்டுக்க. நீ கேட்கலைன்னாலும் சொல்லத்தான் போறேன்.

மொதல்ல, கார்ல ஏறுனதுமே "டைனோசர் பார்க்கப் போறோம்"னு புள்ளைங்ககிட்ட அடிச்சு விடு. அப்பதான் அங்க சிப்பியையும் நத்தையையும் பார்த்துட்டு அதுங்க மூக்கைச் சிந்தும், நீயும் ஐஸ்கிரீம் கடையைத் தேடி ஓடலாம். அதுக்காக டைனோசரே இல்லாத சீமை இல்லப்பா நம்ம அரியலூர்ச் சீமை. கல்லமேட்டுல கெடைச்ச எலும்புக்கு 1987ல ப்ருஹத்காயோசாரஸ்னு பேரு வச்சாங்க. பேரு நெலைச்சுது, எலும்புதான் பொடிஞ்சு போச்சு. 2020ல குன்னத்துல குளம் தூர்வாரறப்ப உருண்டைக் கல்லு வந்துச்சு. டைனோசர் முட்டைன்னு சனம் தெரண்டு ஓடிச்சு. கடல் நத்தை மாதிரி இருந்த அம்மோனைட்டைச் சுத்திச் சேறு இறுகுன உருண்டைன்னு படிச்சவங்க வந்து சொன்னாங்க. ஆம்லெட் போட நெனைச்சவனுக்குத்தான் நட்டம்.

ரெண்டாவது, "கடலே இல்லாத ஊருக்குச் சிப்பி எப்படிப்பா வந்துச்சு?"ன்னு சின்னவ கேப்பா. போன்லேருந்து தலையைத் தூக்காம "யாராச்சும் தின்னுட்டுப் போட்டிருப்பாங்க"ன்னு சொல்லிப்புடு. தப்பித் தவறி உண்மையைச் சொல்லிடாத. சொன்னா, இங்கயே ஒரு காலத்துல கடல் கெடந்துச்சு, கல்லங்குறிச்சிப் பக்கம் ஏறக்குறைய 7 கோடி வருசத்துச் சிப்பி பாறையாவே படிஞ்சு கெடக்கு, அந்தச் சுண்ணாம்புக் கல்லை வெட்டி அரைச்சுத்தான் சிமெண்டு ஆக்குறாங்கன்னு எல்லாத்தையும் சொல்லணும். அப்பறம் அவ ஊருக்குத் திரும்பி உன் ஃபிளாட்டுச் சுவத்தைத் தட்டித் தட்டிப் பார்ப்பா. உள்ள எந்தச் சிப்பி இருக்கோ! தவணை கட்டுறது நீ, சும்மா குடியிருக்கிறது அது.

மூணாவது, அப்படியே சாத்தனூருக்கும் ஒரு எட்டு போய் வா. 12 கோடி வருசத்துக்கு முந்தின மரம், 18 மீட்டர் நீளத்துக்குக் கல்லாப் படுத்திருக்கு. நீ வழக்கம்போல அதுக்கு முதுகைக் காட்டி நின்னு செல்ஃபி எடு. புள்ளைங்க மரத்தைப் பார்க்கும், நீ உன் மூஞ்சியைப் பாரு. ஆளுக்கு ஒரு வேலை.

சரி, கிண்டல் போதும். பத்துக் கண்ணாடிப் பெட்டியைப் பத்து நிமிசத்துல காட்டி முடிக்கணும்னு புள்ளை கையைப் புடிச்சு இழுக்காத. ஒத்தைச் சிப்பிக்கு முன்னாடி அது குந்திக்கிட்டா, நீயும் பக்கத்துல குந்து. அவ்வளவு பொறுமை இல்லைன்னா வாசல்லயே நெழல் பார்த்து உக்காந்துக்க, நான் கூட்டிட்டுப் போய்க் காட்டுறேன். மியூசியத்துல புள்ளைங்களால தொல்லையே கெடையாது மருமவனே, கூட வர்ற அப்பன்மாராலதான்.