வைஃபை சார்

சென்னையில் நாற்பது ஐம்பது வீடுகள் உள்ள எந்த அடுக்ககத்துக்குப் போனாலும் மூன்று பேர் கட்டாயம் இருப்பார்கள். மெயின்டனன்ஸ் பாக்கி வைத்திருப்பவர், அதைக் கேட்கப் போய்ச் சண்டை போட்டுக்கொண்ட செயலாளர், அப்புறம் வைஃபை சார். முதல் இருவரின் புகழையும் வாட்ஸ்அப் குழு பார்த்துக்கொள்ளும். மூன்றாமவரை, இன்டர்நெட் வேலை செய்யும் நாட்களில் யாருக்கும் ஞாபகம் வராது.

பெரும்பாலும் தொலைபேசித் துறையில் இருந்து ஓய்வு பெற்றவராக இருப்பார். எழுபதைத் தொட்டிருப்பார். சட்டைப் பையில் பேனாவுக்குத் துணையாக டெஸ்டர் நிற்கும். வைஃபைக்கும் டெஸ்டருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. டாக்டருக்கு ஸ்டெதஸ்கோப் என்றால் இவருக்கு அது.

இவருடைய கொடி பறக்கத் தொடங்கியது டிஜிட்டல் போட்டோ ஃப்ரேம் வந்த பிறகுதான். நியூஜெர்சியில் இருக்கும் மகள் லீவுக்கு வரும்போது ஒன்றை வாங்கி வந்து ஷோகேஸில் வைத்துவிட்டுப் போய்விடுவாள். அங்கே பேரனைப் படமெடுத்துப் போனில் அனுப்பினால், இங்கே டி.வி. பக்கத்தில் அவன் சிரிப்பான். கொஞ்ச நாள் நன்றாகத்தான் போகும். பிறகு ஒருநாள் பாட்டி லிஃப்ட் வாசலில் சாரை மறிப்பார்:

"சார், ஒரு மாசமா பேரன் ஒரே சட்டையோட இருக்கான். அவங்கம்மாவைக் கேட்டா தினம் மாத்தறேங்கறா."

வந்ததும் சார் ஃப்ரேமைத் தொடமாட்டார். காபி வேண்டாம் என்பார், வந்ததும் குடிப்பார். அதன்பின் விசாரணை.

"யாராச்சும் எதையாச்சும் மாத்தினீங்களா?"

"ஒண்ணுமே மாத்தலை சார்."

"ஒண்ணுமே?"

"போன மாசம் ஒரு பையன் வந்து பழைய டப்பாவை எடுத்துட்டுப் புது டப்பா வெச்சுட்டுப் போனான். அவ்வளவுதான்."

கால் மணி நேரக் குறுக்கு விசாரணையில்தான் இந்த 'அவ்வளவுதான்' வெளிவரும். புது ரவுட்டர் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசைகளையும் ஒரே பெயரில் கொடுக்கும். பல ஃப்ரேம்களுக்கு 2.4 மட்டும்தான் தெரியும். போன் 5-இல் ஏறிக்கொண்டு ஜோராக ஓடும், ஃப்ரேம் திணறும். சார் ரவுட்டருக்குள் நுழைந்து இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வைப்பார். அதற்குமுன் பாஸ்வேர்டு வேண்டும். அது பேரன் கையெழுத்தில், தினசரி காலண்டரின் அட்டைக்குப் பின்னால் இருக்கும்.

"சின்ன எஸ்ஸா, பெரிய எஸ்ஸா?"

தாத்தா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உற்றுப் பார்ப்பார். "சாதாரண எஸ்தான் சார்."

சாரின் தலைசிறந்த கண்டுபிடிப்பு வேறு. 2.4-க்குள் சானல்கள் உண்டு. நம் ஊரில் 13 வரை போகலாம், அமெரிக்காவில் வழக்கமாக 11-ஓடு சரி. ரவுட்டர் தன்னிஷ்டத்துக்கு 13-ஐப் பிடித்துக்கொண்டால், வீட்டில் எல்லா போனுக்கும் வைஃபை தெரியும், அமெரிக்காவிலிருந்து வந்த ஃப்ரேமுக்கு மட்டும் தெரியாது. சார் சானலை 6 என்று மாற்றுவார், படம் வந்துவிடும். இந்தக் கதையை ஏழாவது மாடிவரை எல்லோரும் கேட்டாயிற்று. புதிதாகக் குடிவருபவர்கள் பால் காய்ச்சும் அன்றே கேட்டுவிடுகிறார்கள்.

இவருக்கு ஒரே எதிரி, அமெரிக்க மாப்பிள்ளை. வீடியோ காலில் வந்து, "ஃபேக்டரி ரீசெட் பண்ணிடுங்க அங்கிள்" என்பார். ரீசெட் செய்தால் கணக்கு, இணைப்புக் குறியீடு எல்லாவற்றையும் முதலிலிருந்து போடவேண்டி வரும் என்பது சாருக்குத் தெரியும். "பண்ணிடலாம் தம்பி" என்று சிரித்துவிட்டு, பண்ணமாட்டார். கால் கட்டானதும் கேட்பார்:

"மாப்பிள்ளை என்ன வேலையில இருக்கார்?"

"கிளவுடுல பெரிய வேலை சார்."

"அதான்."

உண்மையில் பாதி வீடுகளில் சிக்கல் ஃப்ரேமிலும் இல்லை, ரவுட்டரிலும் இல்லை. ரவுட்டரை இரும்பு பீரோவுக்குப் பின்னால் வைத்திருப்பார்கள். அல்லது மைக்ரோவேவ் அடுப்பின் தலைமேல். அடுப்பும் கிட்டத்தட்ட அதே 2.4-இல்தான் வேலை செய்கிறது. "பேரன் வேணும்னா சாம்பாரை கேஸ்ல சுட வைங்க" என்று சார் தீர்ப்பு சொல்லிவிட்டுப் போவார். கரண்ட் போய் வந்தால் இன்னொரு கூத்து. ரவுட்டர் சோம்பல் முறித்து எழுவதற்குள் ஃப்ரேம் எழுந்து, தேடி, கிடைக்காமல் கோபித்துக்கொண்டு உட்கார்ந்துவிடும். முதலில் ரவுட்டர், இரண்டு மூன்று நிமிடம் கழித்து ஃப்ரேம். இதைச் சுவிட்ச்போர்டு மேல் ஸ்கெட்ச் பேனாவால் எழுதி ஒட்டிவிட்டே கிளம்புவார்.

வைஃபை குறி முழுசாகத் தெரிந்தும் படம் வராத நாளில், ஃப்ரேமின் தேதியைப் பார்ப்பார். தேதி பல வருஷம் பின்னால் போயிருந்தால் பாதுகாப்புச் சான்றிதழை அது நம்பாது, சர்வரோடு பேச மறுக்கும். இதை விளக்கும்போது பாட்டி மரியாதையாகத் தலையாட்டிக்கொண்டே முறுக்குத் தட்டை நகர்த்துவார். கூலி அதுதான். பணம் கொடுத்தால் சார் கோபித்துக்கொள்வார். முறுக்கு இல்லாவிட்டாலும் கோபம்தான், வெளியே காட்டமாட்டார்.

பழைய துறைப் பெருமை ஒன்று இவரிடம் பாக்கி இருக்கிறது. 2000 வாக்கில் அமெரிக்காவில் வந்த சீவா ஃப்ரேம் ராத்திரியில் தானாகவே டெலிபோன் லைனில் டயல் செய்து படங்களை இறக்கிக்கொள்ளும். "லைன் இருந்த காலத்துல சானலாவது ஒண்ணாவது!" என்பார். அந்தக் காலத்தில் இவரைப் பார்த்தாலே, டெலிபோன் செத்துக் கிடந்த வீட்டுக்காரர்கள் துரத்தினார்கள் என்பதைச் சொல்லமாட்டார்.

அவராலும் முடியாத ஒன்று உண்டு: படம் அனுப்பும் கம்பெனியே கடையைக் கட்டினால், எந்தச் சானலை மாற்றியும் பயனில்லை. ஆகவே வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு விண்ணப்பம். மெமரி கார்டோ பென் டிரைவோ செருகும் வசதியுள்ள ஃப்ரேமாகப் பார்த்து வாங்குங்கள். பாஸ்வேர்டைக் கொட்டை எழுத்தில் எழுதி, எது பெரிய எஸ் என்று பக்கத்திலேயே குறித்துவிட்டுப் போங்கள். உங்கள் மத்தியானத்தில் சாரைக் கூப்பிடாதீர்கள். அவர் ஒன்பது மணிக்கெல்லாம் படுத்துவிடுவார்.