தலைசுற்றலுக்கும் ஒரு கணக்கு

கே: வெக்டர் கால்குலஸ் என்றாலே தலை சுற்றுகிறதே?

ப: சுற்றுவதை அளக்கத்தானே 'கர்ல்' இருக்கிறது! எந்தப் புள்ளியில், எந்த அச்சைப் பற்றி, எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்று சொல்லிவிடும். நிறுத்துகிற வழியை மட்டும் சொல்லாது.

கே: 'கிரேடியன்ட்' - ஒரே வரியில்?

ப: மலையில் எந்தப் பக்கம் ஏறினால் சீக்கிரம் மூச்சு வாங்குமோ, அந்தத் திசை.

கே: வாஷ்பேசினில் தண்ணீர் இறங்கும்போது சுழல்கிறதே, அது பூமி சுழல்வதாலா?

ப: இல்லை. பேசினின் வடிவமும் குழாயைத் திருகிய விதமும்தான் காரணம். பூமியின் கைவரிசையைப் பார்க்க வேண்டுமானால் வங்கக் கடல் புயலின் செயற்கைக்கோள் படத்தைப் பாருங்கள். வட அரைக்கோளத்துப் புயல் இடஞ்சுழி. தெற்கே போனால் வலஞ்சுழி.

கே: 'டைவர்ஜென்ஸ்' பூஜ்யம் என்றால்?

ப: ஒரு புள்ளிக்குள் வந்ததும் அங்கிருந்து போனதும் சமம். காந்தப்புலத்துக்கு எங்குமே பூஜ்யம்தான். ஆகவே காந்தத்தை வெட்டினால் அண்ணனுக்கு வடக்கு, தம்பிக்குத் தெற்கு என்று பாகப்பிரிவினை நடக்காது. இரண்டு முழுக் காந்தங்கள் கிடைக்கும்.

கே: பெரிய படிப்பெல்லாம் இல்லாமல் கணிதத்தில் சாதித்தவர் உண்டா?

ப: ஜார்ஜ் கிரீன். இங்கிலாந்தில் நாட்டிங்காம் பக்கம் காற்றாலை வைத்து மாவு அரைத்தவர். சிறுவயதில் ஓராண்டு சொச்சம்தான் பள்ளிக்கூடம். மின்சாரத்தையும் காந்தத்தையும் கணக்குக்குள் கொண்டுவந்து 1828இல் ஒரு நூலைச் சந்தா சேர்த்து வெளியிட்டார். சந்தாதாரர்கள் சுமார் 50 பேர். அதில் எத்தனை பேருக்குப் புரிந்திருக்குமோ! 40 வயதில் கேம்பிரிட்ஜ் போய்ப் பட்டம் வாங்கினார். 1841இல் இறந்தார். அதன் பிறகு, பின்னாளில் கெல்வின் பிரபுவான வில்லியம் தாம்சன் கையில் அந்த நூல் சிக்கியபோதுதான் உலகம் விழித்தது.

கிரீன் பெயரில் வழங்கும் தேற்றம் ரொம்ப அழகு. ஒரு பரப்பு முழுக்கக் கூட்ட வேண்டியதை, அதன் எல்லையை மட்டும் ஒரு சுற்றுச் சுற்றி அறிந்துகொள்ளலாம். பிளானிமீட்டர் என்ற கருவி இதைத்தான் செய்கிறது. வரைபடத்தில் ஏரிக்கரைமேல் அதன் முள்ளை ஒரு தடவை ஓட்டுங்கள்; ஏரியின் பரப்பளவு வந்துவிடும். கால் நனையாது.

கே: சிலபஸுக்கு வெளியே கேள்வி கேட்கலாமா சார்?

ப: 1854இல் கேம்பிரிட்ஜின் ஸ்மித் பரிசுத் தேர்வில், அதுவரை அச்சிலேயே வராத ஒரு தேற்றத்தை நிரூபிக்கச் சொன்னார் ஸ்டோக்ஸ். அதுவும் 1850இல் தாம்சன் அவருக்குக் கடிதத்தில் எழுதி அனுப்பியது. கண்டுபிடித்தவரை விட்டுவிட்டு, கேள்வித்தாள் தயாரித்தவர் பெயரையே தேற்றத்துக்கு வைத்துவிட்டார்கள். அந்தத் தேர்வை எழுதிப் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்களில் ஒருவர், மேக்ஸ்வெல்.

கே: டி-ஷர்ட்டில் போடுகிறார்களே, அந்த நான்கு மின்காந்தச் சமன்பாடுகளை எழுதிய மேக்ஸ்வெல்லா?

ப: அவரேதான். ஆனால் 1865இல் அவர் வெளியிட்டது நான்கல்ல, 20. வெக்டர் மொழியில் நான்காகச் சுருக்கியவர் ஆலிவர் ஹெவிசைட். 16 வயதில் பள்ளியை விட்டவர், தந்தி ஆபரேட்டர். டி-ஷர்ட் அச்சடிக்கும் புண்ணியவான்களே, மூலையில் அவர் பெயரையும் சின்னதாகப் போடுங்கள்.