கடலை மசியலும் தேசப்பற்றின் நிகர எடையும்: ஓர் ஆய்வு

1. கருதுகோள்

தின்பண்டம் ஒன்று எப்போது தேசிய உணவாகிறது? மண், மரபு, பாட்டியின் கைப்பக்குவம் என்று மூன்று காரணங்கள் சொல்லப்படுவதுண்டு. மூன்றையும் இக்கட்டுரை பணிவுடன் தள்ளுபடி செய்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் "இது எங்களுடையது" என்று வாய்திறக்கும் அந்த நொடியில்தான் அது தேசியமாகிறது என்பதே நம் துணிபு.

2. ஆய்வுப் பொருள்

ஹம்மஸ். குழைய வெந்த வெள்ளைக் கொண்டைக்கடலையோடு எள் விழுது, எலுமிச்சைச் சாறு, பூண்டு, உப்பு சேர்த்து மைய அரைத்தது. தட்டில் வழித்து, கரண்டியின் முதுகால் நடுவில் வட்டக் குழி இழுத்து, அதில் ஆலிவ் எண்ணெய் விடுவார்கள். பெய்ரூட்டிலும் டெல் அவிவிலும் இதே குழிதான். எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் அதில் எந்த நாட்டு முத்திரையும் தென்படவில்லை.

கெய்ரோவில் இடைக்காலத்திலேயே கடலை மசியலுக்குச் செய்முறை எழுதிவைத்திருக்கிறார்கள். ஆனால் எகிப்தியர் யாரோடும் மல்லுக்கு நிற்காததால் அச்சான்று செல்லாது.

3. களச் சான்றுகள்

ஃபெட்டா பாலாடைக்கட்டியின் பெயர் கிரேக்கத்துக்கே உரியது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2002இல் எழுதிக்கொடுத்தது. அதைக் காட்டி, ஹம்மஸுக்காக இஸ்ரேல் மீது வழக்குப் போடப்போவதாக 2008இல் லெபனான் தொழிலதிபர்கள் சங்கம் அறிவித்தது. வழக்கு கிளம்புவதற்குள் அண்டா கிளம்பிவிட்டது.

2009 அக்டோபரில் பெய்ரூட்டில் 2 டன் கிண்டி கின்னஸில் ஏற்றினார்கள். 2010 ஜனவரியில் இஸ்ரேலின் அபு கோஷ் கிராமத்தார் 4 டன்னுக்கு மேல் கிண்டினார்கள். அவ்வளவையும் கொள்ளும் பாத்திரம் இல்லாததால், செயற்கைக்கோள் சமிக்ஞை வாங்கும் ராட்சத டிஷ் ஆன்டெனாவே தட்டானது. (அபு கோஷ் ஓர் அரபு கிராமம். இத்தகவல் நம் கருதுகோளுக்குச் சங்கடம் தருவதால் மேலே செல்வோம்.) அதே ஆண்டு மே மாதம் லெபனானின் பதில் வந்தது: 10,452 கிலோ. அந்நாட்டின் பரப்பு 10,452 சதுர கிலோமீட்டர்.

4. கண்டறிந்த விதி

ஆக, சதுர கிலோமீட்டருக்கு ஒரு கிலோ என்பதே தேசப்பற்றின் அலகு. இதன்படி வாடிகனின் தேசப்பற்று அரைக் கிலோவைத் தொடாது. ஒரு குடும்பம் ஒரே வேளையில் தீர்த்துவிடும். ரஷ்யாவுக்கு 1 கோடியே 70 லட்சம் கிலோ வேண்டும். எல்லை எதுவென்பதே தகராறில் இருக்கும் நாடுகளுக்கு எடை நிர்ணயிக்க இயலவில்லை.

5. பரிந்துரை

இவ்விதியைச் சர்வதேசச் சட்டமாக்கலாம். அண்டை நிலத்தின்மேல் கண்வைக்கும் ஆட்சியாளர் எவரும், கூடுதல் பரப்புக்கு உரிய கடலையை முந்தின இரவே தம் கையால் ஊறவைத்து, காலையில் தோலுரித்துக் காட்ட வேண்டும். அதற்குப் பிறகே படை நகரலாம்.