வண்டியா, வீடா: ஆர்.வி. காப்பீட்டில் ஓர் ஐயம்

தூரத்தில் நிற்பது கட்டையா, ஆளா என்பதை ஐயத்துக்கு எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள் தொல்காப்பிய உரைகாரர்கள். கிட்டே போனால் தீர்ந்துவிடும் ஐயம் அது. அமெரிக்க நெடுஞ்சாலைகளில் ஓடும் ஆர்.வி. அப்படிப்பட்டதல்ல, கிட்டே போகப் போக ஐயம் கூடுகிறது. நம் ஊர்ப் படப்பிடிப்புகளில் கதாநாயகருக்காக நிற்கும் கேரவனுக்கு அது நெருங்கிய சொந்தம். உள்ளே கட்டில், அடுப்பு, கழிப்பறை, அடியில் சக்கரம். இத்தனை ஆழமான பொருளை அறிஞர் உலகம் காப்பீட்டு முகவர்களிடம் விட்டுவிட்டது வருந்தத்தக்கது.

முன்னோர் கொள்கைகள் இரண்டு. 1985இல் ‘கலிஃபோர்னியா எதிர் கார்னி’ வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. சான் டியேகோவில் வாகன நிறுத்துமிடம் ஒன்றில் நின்ற மோட்டார் ஹோமை, அதாவது ஓட்டிச் செல்லும் வகை ஆர்.வி.யை, அதிகாரிகள் வாரண்ட் இல்லாமல் சோதித்திருந்தார்கள். வீடென்றால் அது தவறு, வண்டியென்றால் சரி. ஒன்பது நீதிபதிகளில் ஆறு பேர் வண்டி என்ற கட்சியில் நின்றார்கள். சாவியைத் திருகினால் ஓடிவிடுமே என்பது அவர்கள் வாதம். சக்கரங்களைத் தூக்கிக் கட்டைமேல் நிறுத்தி, மின் இணைப்பும் கொடுத்திருந்தால் என்ன ஆகும் என்பதை மட்டும் அடிக்குறிப்பு ஒன்றில் தீர்க்காமல் விட்டுவிட்டார்கள். ஆய்வாளர்கள் பிழைப்பதே இத்தகைய அடிக்குறிப்புகளால்தான்.

எதிர்க்கட்சி வருமான வரித்துறை. படுக்கவும் சமைக்கவும் வசதி இருந்து, கழிப்பறையும் இருந்தால் அத்துறைக்கு அது வீடு. அதை அடமானம் வைத்து வாங்கிய கடனின் வட்டிக்கு, மற்ற நிபந்தனைகளும் பொருந்தினால், வீட்டுக் கடனைப் போலவே வரிச்சலுகை கேட்கலாம்.

காப்பீட்டு நிறுவனங்கள் இந்தச் சண்டையில் தலையிடவில்லை. இரண்டும் சரி என்று ஏற்றுக்கொண்டு இரண்டுக்கும் பிரீமியம் வாங்குகின்றன.

ஓட்டிச் செல்லும் வகைக்கு ஏ, பி, சி என மூன்று வகுப்புகள். ஏ பெரியது, பி சிறியது, சி இரண்டுக்கும் இடைப்பட்டது. இந்த வரிசையை வகுத்தவரை எந்த இலக்கணமும் கட்டுப்படுத்தவில்லை. மூன்றுக்குமே கார் போலத் தனிப் பாலிசி வேண்டும். இழுத்துச் செல்லும் டிரெய்லரின் நிலை நுட்பமானது. கொக்கியில் மாட்டியிருக்கும்வரை அது பிறருக்கு இழைக்கும் சேதத்தை இழுக்கும் வண்டியின் பாலிசியே பெரும்பாலும் ஏற்கும். டிரெய்லருக்கு நேரும் சேதத்தை ஏற்காது. அதற்குத் தனியாக எடுக்க வேண்டும். கொக்கியைக் கழற்றி முகாமில் நிறுத்திய பிறகு விருந்தாளி ஒருவர் படியில் வழுக்கி இடுப்பெலும்பை முறித்துக்கொண்டால் அதைச் சாலை விபத்து என்று சொல்ல முடியாது. வண்டி வீடாகிவிட்ட கணம் அது. இதற்கென்றே விடுமுறைக்காலப் பொறுப்புக் காப்பீடு என்று ஒன்று விற்கிறார்கள். ஆண்டு முழுவதும் அதிலேயே குடியிருப்பவருக்கு அதுவும் போதாது. முழுநேரக் குடியிருப்போருக்கான பிரிவு வேண்டும். விண்ணப்பத்தில் ‘எப்போதாவது சுற்றுலா’ என்று எழுதிப் பிரீமியத்தில் மிச்சம் பிடித்தவர், க்ளெய்ம் கேட்கும் நாளில் தம் தத்துவ நிலைப்பாட்டுக்குப் பதில் சொல்ல நேரும்.

அடுத்தது மோதல் பற்றிய கோட்பாடு. இங்கேதான் துறையின் மேதைமை முழுதாக வெளிப்படுகிறது. வட கரோலினாவின் டர்ஹாம் நகரில் கிரெக்சன் தெருவுக்கு மேலே ஒரு ரயில் பாலம் போகிறது. பல பத்தாண்டுகளாக அதன் உயரம் 11 அடி 8 அங்குலம். பெரிய மோட்டார் ஹோம்கள் பல 12 அடியைத் தாண்டும், உச்சியில் ஏ.சி. வேறு. லாரிகளின் கூரையை உரித்து எடுத்ததால் ஊரார் அதற்கு வைத்த பட்டப்பெயர் டப்பா திறப்பான். 2019இல் பாலத்தை 12 அடி 4 அங்குலத்துக்கு உயர்த்தினார்கள். அதன் பிறகும் மோதுகிறவர்கள் மோதிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

பாலத்தில் இடித்தால் ‘மோதல்’ பிரிவில் பணம் வரும். ஓடி வந்த மானை இடித்தால்? அது மோதல் அல்லாத சேதம். ஆலங்கட்டி மழை, திருட்டு, தீ ஆகியவற்றோடு சேர்த்து வேறு பிரிவில் வைத்திருக்கிறார்கள். மானின் மேல் இரக்கப்பட்டு வண்டியை ஒடித்து மரத்தில் இடித்தாலோ அது மறுபடி மோதல். மோதல் பிரிவு எடுக்காதவருக்கு ஜீவகாருண்யம் செலவு வைக்கும்.

மான் நுழைந்த பாலிசியில் எலி நுழைய முடிவதில்லை. குளிர்காலத்தில் நிறுத்திவைத்த ஆர்.வி.க்குள் புகுந்து ஒயரைக் கடிக்கும் எலியைப் பல பாலிசிகள் பராமரிப்புக் குறைவின் கணக்கில் சேர்த்துக் கைவிரித்துவிடுகின்றன. கூரை ஒழுகலுக்கும் இதே கதிதான்: மரக்கிளை விழுந்து கூரை கிழிந்தால் ஏற்பார்கள், விளிம்புப் பசை காய்ந்து மாதக்கணக்கில் கசிந்தால் மாட்டார்கள். ஆர்.வி.க்கள் பலவற்றை அழிப்பது அந்த மெதுவான கசிவு என்பதால், வாங்குபவர் விலக்குகள் அச்சான பக்கத்தைத்தான் முதலில் படிக்க வேண்டும்.

மதிப்புக் கணக்கும் இருக்கிறது. 1,00,000 டாலருக்கு வாங்கிய வண்டி மூன்றாம் ஆண்டில் முழுதாக எரிந்துபோகிறது, அன்றைய சந்தை விலை 65,000 என்று வைத்துக்கொள்வோம். சந்தை மதிப்புப் பாலிசி 65,000தான் தரும். ஒப்புக்கொண்ட மதிப்பு என்ற வகை, பாலிசியில் முன்பே எழுதிய தொகையைத் தரும். புதியதற்குப் புதியது என்ற வகை புது வண்டியே வாங்கித் தரும். வாங்கிச் சில ஆண்டுகள்வரைதான் அது செல்லும், பிரீமியமும் கூடுதல். கடனில் வாங்கியவருக்கு முதல் வகை ஆபத்து: வண்டி சாம்பலான பிறகும் தவணை நிற்காது.

இறுதியாக எல்லைச் சிக்கல். அமெரிக்கப் பாலிசியின் பொறுப்புக் காப்பீட்டை மெக்சிகோ சட்டம் ஏற்பதில்லை. அந்நாட்டு நிறுவனத்தின் பாலிசி வேண்டும், அது நாள் கணக்கிலும் கிடைக்கும். குளிர்காலத்தில் ஆர்.வி.க்களோடு அரிசோனாவின் யூமா பக்கம் வந்து தங்கும் முதியவர்கள் பலர் இந்தச் செலவுக்கு மாற்று வைத்திருக்கிறார்கள். எல்லைக்கு இப்புறமே வாகனத்தை நிறுத்திவிட்டு லாஸ் அல்கோடோனெஸ் என்ற மெக்சிகோ சிற்றூருக்கு நடந்தே போகிறார்கள். அங்கே திரும்பிய பக்கமெல்லாம் பல் மருத்துவமனை. அமெரிக்காவைவிடக் கட்டணம் மிகக் குறைவு. ஆலங்கட்டியிலிருந்து மான்வரை எல்லாவற்றுக்கும் காப்பீடு எடுத்தவர்களின் கடைவாய்ப் பல்லுக்கு மட்டும் ஏன் காப்பீடு இல்லை என்பது இக்கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டது.