தவறவிடலும் தவறவிடல் நிமித்தமும்

தொல்காப்பியர் காலத்தில் ஸ்டாக் கார் பந்தயம் இல்லை. இருந்திருந்தால் அகத்திணை ஏழோடு நின்றிருக்காது என்பது இக்கட்டுரையின் துணிபு. குறிஞ்சிக்குப் புணர்தல், பாலைக்குப் பிரிதல், முல்லைக்கு இருத்தல் என்று வகுத்த அந்தக் கை, அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்து மார்ட்டின்ஸ்வில் ஓடுதளத்தில் கழுத்தில் இரண்டு கேமராவோடு ஒரு சனி ஞாயிறு நின்றிருந்தால், எட்டாவது திணை ஒன்றைச் சேர்த்து, அதன் உரிப்பொருள் தவறவிடலும் தவறவிடல் நிமித்தமும் என்று எழுதிவிட்டுத்தான் வீடு திரும்பியிருக்கும்.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட படக்காரர் யார் என்று கேட்க வேண்டாம். இயற்பியல் வாத்தியார்கள் உராய்வே இல்லாத பந்து ஒன்றை மேசைமேல் உருட்டிவிடுகிறார்களே, அதுபோல நாமும் ஒரு படக்காரரை உருட்டிவிடுகிறோம். அவர் கற்பனை. அவர் நின்ற இடமும், 2022 அக்டோபர் 29, 30 தேதிகளில் அங்கே நடந்த பந்தயங்களும் கற்பனையல்ல.

முதலில் சொல்லாராய்ச்சி. 'ஸ்டாக்' என்றால் கடையில் இருக்கும் இருப்பு. விற்பனைக்கு நிற்கும் காரை அப்படியே எடுத்து ஓட்டிப் பார்ப்பது ஆதிப்பொருள். இன்றைய ஸ்டாக் காரை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. முகப்பு விளக்குகூட ஒட்டிய படம்தான். பொருள் போய்ப் பெயர் மட்டும் நின்ற இச்சொல்லை இடுகுறி என்பதா, காரணப்பெயர் என்பதா என்று இலக்கணிகள் அடித்துக்கொள்ளட்டும். நமக்கு நேரமில்லை, கார்கள் கிளம்பிவிட்டன.

முதற்பொருளில் நிலம். மார்ட்டின்ஸ்வில் 1947இல் திறந்தது. இந்தப் பந்தயங்களை நடத்தும் நாஸ்கார் பிறந்ததோ 1948இல். குழந்தையைவிடத் தொட்டில் மூத்தது. சுற்றளவு 0.526 மைல். காகிதத்தில் செருகும் கிளிப்பை மல்லாக்கப் போட்ட மாதிரி இரண்டு நேர்ப்பாதை, இரு முனையிலும் இறுக்கிய வளைவு. அலபாமாவின் டலடேகாவில் வளைவுகள் 33 பாகை சாய்ந்து கிடக்க, இங்கே வெறும் 12 பாகை. அதனால் ஒவ்வொரு வளைவிலும் பிரேக்கை மிதித்து மிதித்து, அந்தக் கரித்தூள் ஓட்டுநர் முகத்தில் அப்பிக்கொள்கிறது. திணை மயங்கலாம், நிலம் மயங்கலாகாது என்பது விதி. இங்கே நேர்ப்பாதை தார், வளைவு கான்கிரீட். விதி முதல் சுற்றிலேயே உடைந்து போகிறது. உரையாசிரியர்கள் இதைப் புறனடையில் அடக்கிக்கொள்ள வேண்டும்.

பொழுது எளிது. பெரும்பொழுது கூதிர், ஐப்பசி நடக்கிறது. சிறுபொழுது எற்பாடு. சூரியன் சரிந்து நேராக லென்ஸுக்குள் இறங்கும் வேளை.

கருப்பொருள்களில் தெய்வம், விளம்பரதாரர். கார் முழுக்க அவர் நாமமே தரித்திருக்கிறது. ஓட்டுநர் மைக்கைப் பிடித்ததும் முதலில் அவரைத்தான் தொழுகிறார். பறை, எஞ்சின். யாழ் இல்லை, டயர் கழற்றும் துப்பாக்கி உண்டு. உணவு, ஓடுதளத்தின் புகழ்பெற்ற சிவப்பு ஹாட் டாக். மிளகாய்க் குழம்பு, முட்டைக்கோஸ் கலவை, வெங்காயம், கடுகுச் சாந்து எல்லாம் வைத்து மெழுகுத்தாளில் சுற்றித் தருகிறார்கள். இதை ஒரு கையால் தின்றவர் உலகில் இல்லை என்பதை நினைவில் வைக்கவும், பின்னால் வரும். மரம் என்பதற்கு ஓடுதளத்துக்குள் கிடைக்கும் நல்ல சான்று, வென்றவருக்குக் கோப்பைக்குப் பதிலாகத் தரும் நிலைக்கடிகாரம். 1964 முதல் இந்த வழக்கம். நொடியை ஆயிரமாகப் பிளந்து வெற்றி தோல்வி சொல்லும் ஊரில் பரிசாகப் பெண்டுலம் தருகிறார்கள். நகைச்சுவை என்று யாரும் அங்கே எண்ணுவதாகத் தெரியவில்லை.

இனி, ஆய்வின் இதயம். ஞாயிறு பந்தயம் 500 சுற்று. 36 கார் என்று கொண்டால் ஒரு படக்காரரின் முன்னால் 18,000 முறை கார் கடக்கிறது. உலகில் வேறெந்தத் தொழிலிலும், பார்க்க வேண்டிய பொருள் இத்தனை முறை தானாக வந்து முகத்தைக் காட்டிவிட்டுப் போவதில்லை. ஆனையைப் படம்பிடிக்கக் காட்டில் பத்து நாள் கிடப்பவன் இதைக் கேட்டால் அழுவான். ஆனால் பத்திரிகை ஆசிரியர் கேட்பது அந்தப் பதினெட்டாயிரத்தில் எதையும் அல்ல. திரும்ப வராத ஒன்றை. அது நேரும் கணத்தில் படக்காரர் எங்கே இருப்பார் என்பதை நம் பாட்டிகள் எந்த ஆய்வுமின்றியே கண்டுவைத்தார்கள்: கல்லைக் கண்டால் நாயைக் காணோம், நாயைக் கண்டால் கல்லைக் காணோம். இதைக் கல்-நாய் விதி எனக் குறிக்கிறோம்.

விதிக்குச் சனிக்கிழமைச் சான்று. அன்றைய பந்தயம் நாஸ்காரின் இரண்டாம் நிலைத் தொடரைச் சேர்ந்தது. படக்காரர் வேலியில் படம் எடுப்பதற்கென்றே வெட்டிவிட்டிருக்கும் ஓட்டையில் இடம்பிடித்தார். டயரிலிருந்து உரிந்து பறக்கும் ரப்பர் உருண்டைகளை அங்கே கோலிக்குண்டு என்கிறார்கள். அதில் ஒன்று சட்டைக் காலருக்குள் இறங்கி இடுப்புவரை போனது. மதியம் ஹாட் டாக். கடுகுச் சாந்து பெருவிரலிலிருந்து வ்யூஃபைண்டருக்கும், அங்கிருந்து புருவத்துக்கும் குடிபெயர்ந்தது. இவையெல்லாம் நிமித்தம் மட்டுமே. கடைசிச் சுற்றுக்கு முந்திய சுற்றில், முன்னால் போகும் பிராண்டன் ஜோன்ஸை அவர் ஒருவரே என்பதுபோலச் சரமாரியாக எடுத்தார். மெமரி கார்டு நிறைந்தது. அவர் குனிந்து கார்டு மாற்றிய கடைசிச் சுற்றில், டை கிப்ஸ் பின்னாலிருந்து வந்து ஜோன்ஸை இடித்துத் தள்ளிவிட்டு வென்றார். இருவரும் ஒரே அணி. ஜோன்ஸ் வென்றிருந்தால் தொடரின் பட்டத்துக்கான இறுதிப் போட்டிக்குப் போயிருப்பார். கூட்டம் கிப்ஸைப் பார்த்து ஊளையிட்டது. நம் ஆளிடம் இருந்தது, ஜோன்ஸ் நிம்மதியாக முன்னால் போகும் நானூறு படம்.

இவ்விடத்தில் ஷட்டர் பற்றி ஒரு வார்த்தை. நொடியில் 1/2000 வைத்தால் சக்கரத்தின் எழுத்துகூடத் தெளிவாக விழும். ஆனால் கார் கல்யாண மண்டப வாசலில் நிறுத்திய கார் மாதிரி நிற்கும். 1/60க்கு இறக்கி, காரோடு கேமராவையும் திருப்பினால் பின்னணி கோடுகோடாக இழுபட்டு வேகம் தெரியும். பத்தில் ஒன்பது படம் குழம்பிவிடும். பிழையும் பேறாகலாம் என்பார் உளர். அவர்கள் காட்டும் சான்று பிரான்சின் ழாக் ஆன்ரி லார்டீக். 1912-13 வாக்கில், பதின்ம வயதின் விளிம்பில் இருந்தபோது, பாய்ந்துபோன பந்தயக் கார் ஒன்றை எடுத்தார். பாதிக் கார் சட்டத்துக்கு வெளியே. சக்கரம் முட்டையாகி முன்னோக்கிச் சாய, வேடிக்கை பார்த்தவர்கள் பின்னோக்கிச் சாய்ந்தார்கள். கேமராவின் திரைப்பிளவு மெல்ல நகர்ந்ததும் அவர் காரோடு சேர்ந்து திரும்பியதும் செய்த வேலை. வீணாய்ப் போனது என்று எடுத்து வைத்துவிட்டார். பல பத்தாண்டுகள் கழித்து, வேகத்துக்கு அதுவே இலக்கணம் என்றார்கள். ஆசிரியரிடம் இந்த வாதம் எடுபடாது. அவருக்கு இன்றிரவே படம் வேண்டும்.

படக்காரரை இளப்பமாக எண்ணவும் கூடாது. 1959இல் முதல் டேட்டோனா 500 பந்தயம் முடிந்தபோது மூன்று கார் ஒன்றாகக் கோட்டைத் தாண்டின. ஜானி போஷாம் வென்றதாக அறிவித்துக் கொண்டாடியும் விட்டார்கள். செய்திப்படச் சுருளும் புகைப்படங்களும் வந்து சேர்ந்தபின், மூன்றாம் நாள், வென்றவர் லீ பெட்டி என்று மாற்றினார்கள். அன்று யாரோ ஒருவர் கார்டு மாற்றாமல் இருந்திருக்கிறார்.

ஞாயிறு. நம்மவர் நேற்றைய பாடத்தைக் கற்றுக்கொண்டார், அங்கேதான் கெட்டது. காலியான கார்டு, முழு பேட்டரி, கழுவிய கை. ஹாட் டாக்கைத் தொடவில்லை. கடைசிச் சுற்றில் லென்ஸை முன்னால் வரும் கிறிஸ்டோபர் பெல்மீது வைத்து, கோட்டைத் தாண்டும்வரை எடுக்கவே இல்லை கண்ணை. பெல் தாண்டினார். படம் சுத்தம். திருப்தியோடு கேமராவை இறக்கி, கொண்டாட்டம் நடக்கும் இடத்தை நோக்கி ஓடத் தொடங்கினார்.

அதே நேரம், பத்தாவதாக வந்துகொண்டிருந்த ராஸ் சாஸ்டெய்ன் பின்பக்க நேர்ப்பாதையில் ஐந்தாம் கியரைப் போட்டு, வெளிச்சுவரில் காரைச் சாய்த்து, ஸ்டீயரிங்கை விட்டுவிட்டார். மற்றவர்கள் பிரேக் மிதித்து வளைவில் ஊர்ந்துகொண்டிருக்க, சுவரே வளைத்துக்கொடுக்க, முழு வேகத்தில் ஐந்து காரைத் தாண்டினார். சிறுவயதில் வீடியோ கேமில் செய்து பார்த்த வித்தையாம். அந்தச் சுற்றுக்கு 18.845 நொடி, அந்தத் தளத்தில் ஸ்டாக் கார் எதுவும் அதற்குமுன் அவ்வளவு வேகமாகச் சுற்றியதில்லை. மற்றொரு ஓட்டுநர் டென்னி ஹாம்லினுக்குக் கிடைக்கவிருந்த இறுதிப் போட்டி இடம் சாஸ்டெய்னுக்குப் போயிற்று. அடுத்த சனவரியில், இனி இப்படிச் செய்தால் தண்டனை என்று நாஸ்கார் சொல்லிவிட்டது. ஆகவே திரும்ப எடுக்கவும் வழியில்லை.

நம்மவர் கூட்டத்தின் கூச்சலைக் கேட்டார். பெல்லுக்கு இவ்வளவு ரசிகர்களா என்று வியந்தபடி ஓடினார்.

வெற்றி மேடையில் தொப்பிக் கூத்து நடந்தது. விளம்பரதாரருக்கு ஒன்றாக வென்ற அணி முழுவதும் தொப்பியை மாற்றி மாற்றிப் போட்டு நிற்கும் சடங்கு அது. ஒரு தொப்பிகூடத் தப்பவில்லை, அத்தனையும் ஃபோகஸில். பிறகு கடிகாரம். அப்போது ஆசிரியரின் அழைப்பு.

"சுவரோரமா வந்த கார் இருக்கா?"

"எந்தக் கார்?"

மறுமுனையில் சற்று நேரம் ஒன்றும் கேட்கவில்லை.

"சரி, என்னதான் இருக்கு?"

"கடிகாரம் இருக்கு. ரொம்பத் தெளிவா விழுந்திருக்கு."

1/2000இல் எடுத்திருந்தார். பெண்டுலம் பாதி வழியில் நின்றது.