சீட்டு சேராமையும் சேர்க்கத் தெரியாமையும்: திருவிடைமருதூர்ச் சான்றுகளை முன்வைத்து ஓர் ஆய்வு

ரம்மியில் தோற்றவர் "சீட்டே சேரல" என்கிறார். ஜெயித்தவர் "ஆடத் தெரியணும்" என்கிறார். இருவருக்கும் சீட்டு வந்தது ஒரே கட்டிலிருந்துதான். இம்முரண்பாட்டை முறையாக ஆராய இதுவரை எந்தப் பல்கலைக்கழகமும் முன்வராத நிலையில், அப்பெருங்குறையைக் களைய இச்சிறு முயற்சி.

ஆய்வுக்களமாகத் திருவிடைமருதூரைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. தோஷத்தைக் கையாளுவதில் இவ்வூருக்குள்ள அனுபவம் வேறெந்த ஊருக்கும் இல்லை. வரகுண பாண்டியன் மகாலிங்கசுவாமி கோயிலுக்குள் நுழைந்தபோது, அவனைப் பிடித்திருந்த பிரமஹத்தி கீழவாசலிலேயே நின்றுவிட்டது என்பது தலபுராணம். அவன் மேலவாசல் வழியாகப் போய்விட்டான். இன்றும் தோஷம் கழிக்க வருகிறவர்கள் வந்த வாசலில் திரும்புவதில்லை. ஆக, கெட்ட நேரம் என்பது வெளியே காத்திருக்கும் ஓர் ஆசாமி. வேறு வழியாக நழுவிவிட்டால் ஏமாந்துபோகும். சீட்டாடுகிறவர்களிடமும் இதே கொள்கைதான் வழங்குகிறது. வாசலுக்குப் பதில் இடத்தை மாற்றுகிறார்கள். "மாமா, நீங்க இப்படி வாங்க, நான் அந்தப் பக்கம் உக்காந்துக்கறேன்" என்று ஒருவர் எழுந்தால், நிவர்த்தி தொடங்கிவிட்டது என்று பொருள்.

தரவு திரட்டியது கல்யாண மண்டப மாடியில். மாப்பிள்ளை அழைப்பு முடிந்து, பந்தியும் முடிந்து, பெண்கள் கீழே பூத்தொடுக்க உட்கார்ந்த பிறகு மேலே ஜமக்காளம் விரியும். டெல்டாவில் ரம்மியைப் பழுதில்லாமல் அவதானிக்க இதைவிடச் சிறந்த ஆய்வகம் கிடையாது.

முதன்மைச் சான்று: பெண்ணுக்குச் சித்தப்பா. பதின்மூன்று சீட்டை விரித்துப் பார்த்தார். ஜோக்கர் இல்லை, ஒட்டு இல்லை. ஒன்றோடொன்று பேசுகிற சீட்டு என்று பார்த்தால் டைமன் ஏழும் ஒன்பதும் மட்டும். மிச்சமெல்லாம் படமும் உதிரியும். தயங்காமல் ஸ்கூட் விட்டு, அதாவது ஆடாமல், விலகவேண்டிய கை. 20 பாயிண்டோடு போயிருக்கும். விடவில்லை. "ஒரு ரவுண்டு பாப்போம்" என்றார். டெல்டாவில் நிலங்கள் கைமாறிய வரலாற்றில் இந்த வாக்கியத்துக்கு உரிய இடத்தை யாராவது தனியாக ஆராயவேண்டும்.

அவர் டைமன் எட்டுக்குக் காத்திருந்தார். ஏழும் எட்டும் கையில் இருந்தால் ஆறும் உதவும், ஒன்பதும் உதவும். இரண்டு கட்டுக்கு நாலு சீட்டு. ஏழும் ஒன்பதும் என்றால் நடுவிலுள்ள எட்டு மட்டுமே, ஆக இரண்டே சீட்டு. மூன்றாவது சுற்றில் எதிர்வரிசைக்காரர் ஒரு டைமன் எட்டைக் கீழே போட்டார். அடுத்தவர் அதன்மேல் ஒரு கிளாவர் ராணியைப் போட்டு மூடினார். அந்த நேரம் சித்தப்பா, காலையில் எத்தனை வாழையிலை வேண்டும் என்று கேட்க வந்த சமையல்காரரிடம் பேசிக்கொண்டிருந்தார். மீதி இருந்தது ஒரே ஒரு எட்டு. அதற்காக ராஜாவையும் ராணியையும் கையில் கட்டிக்கொண்டு கடைசிவரை உட்கார்ந்து, 80 பாயிண்ட் ஃபுல் வாங்கினார். "அந்த எட்டு மட்டும் வந்திருந்தா..." என்றார். கூட்டமும் உச்சுக் கொட்டியது.

இங்கேதான் இந்த ஆய்வின் கண்டுபிடிப்பு. ஸ்கூட் என்பது துரதிர்ஷ்டத்துக்கு ரம்மி நிர்ணயித்த விலை. கை மோசமாக வந்தது விதி, அதற்கு 20. விட்டுப் போகாமல் உட்கார்ந்தது ஆட்டம். அதற்கு மேற்கொண்டு 60. ஆகவே அந்த 80-ல் விதியின் பங்கு கால்; முக்கால் சித்தப்பாவின் சொந்தச் சம்பாத்தியம்.

உச்ச நீதிமன்றமும் இக்கருத்துக்கு அரணாக நிற்கிறது. செகந்திராபாத் கிளப் ஒன்றின் மீதான வழக்கில் 1967 நவம்பரில் நீதிபதி ஹிதயத்துல்லா எழுதிய தீர்ப்பு, ரம்மியைப் பெரும்பாலும் திறமை சார்ந்த ஆட்டம் என்றது. விழும் சீட்டை நினைவில் வைக்கவேண்டும், எதை வைப்பது எதைப் போடுவது என்று தெரியவேண்டும் என்பது அது சொன்ன காரணம். அதாவது, டைமன் எட்டு விழும்போது வாழையிலைக் கணக்குப் பார்ப்பது உச்ச நீதிமன்றத்தின் எதிர்பார்ப்புக்கு மாறானது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் போக்கரையும் இதே வரிசையில் உட்கார வைத்தது. 2025-ல் நாடாளுமன்றம் போட்ட சட்டமோ, திறமையோ அதிர்ஷ்டமோ இணையத்தில் பணம் கட்டி ஆட வைக்கவே கூடாது என்று விவகாரத்தையே மூடிவிட்டது. மண்டப மாடிக்கு இணைய வசதி இல்லாததால் நமது ஆய்வு தொடர்கிறது.

போக்கரில் ஒரு சௌகரியம். போட்டியில் கையிருப்பு முழுவதையும் முன்னே தள்ளிவிட்டால் இருவரும் சீட்டைத் திறந்துவைக்க வேண்டும். இரண்டு ஏஸ் வைத்திருப்பவர் இரண்டு ராஜாவை எதிர்த்தால் நூற்றுக்குச் சுமார் 82 தடவை ஜெயிப்பார். மிச்சத்தில் அவர் அழுதால் நியாயமான அழுகை. ராஜாக்காரர் ஜெயித்துவிட்டு "ஆடத் தெரியணும்" என்றால் சபை சிரிக்கும். நம் ரம்மியில் இந்தச் சோதனை இல்லை. தோற்றவர் கையிலிருந்ததை அவசரமாகக் கட்டோடு கலந்துவிடுகிறார், தடயம் அழிக்கப்படுகிறது.

முந்தைய ஆய்வுகளைப் பார்த்தால், வள்ளுவர் ஊழை 38-ஆம் அதிகாரத்திலும் சூதை 94-ஆம் அதிகாரத்திலும் வைத்து, நடுவே 62-ல் ஆள்வினையுடைமையைப் போட்டிருக்கிறார். ஊழும் சூதும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. முறையான வழக்கு நளனுடையது. காரைக்கால் பக்கம் திருநள்ளாற்றில் கேட்டால் சனி என்பார்கள்; பாரதம் கலி என்கிறது. பன்னிரண்டு வருஷம் காத்திருந்த கலி, நளன் கால் கழுவாமல் சந்தி செய்த ஒருநாள் உள்ளே புகுந்தான். துவாபரன் காயில் புகுந்தான். இதுவரை துரதிர்ஷ்டமே, ஒப்புக்கொள்கிறோம். ஆனால் ஆட்டம் மாதக்கணக்கில் நடந்தது. மந்திரிகளும் ஊராரும் வாசலில் வந்து நின்றார்கள், தமயந்தி அழுதாள், மனிதர் ஸ்கூட் விடவில்லை.

பின்கதை இன்னும் முக்கியம். நளன் ஓட்டும் தேரில் போகிறபோது ரிதுபர்ணன் என்ற அரசன் ஒரு தான்றி மரத்தைப் பார்த்து, இரண்டு கிளையில் 2,095 காய் என்று சொல்கிறான். நளன் இறங்கி எண்ணிப் பார்க்கிறான், சரியாக இருக்கிறது. அந்தக் கணக்கையும் காய் உருட்டும் வித்தையையும் அவனிடம் கற்றுக்கொள்கிறான். கற்ற கணமே கலி நஞ்சைக் கக்கிக்கொண்டு வெளியேறுகிறான். இயான் ஹாக்கிங் என்ற தத்துவ அறிஞர் 1975-ல் நிகழ்தகவு பற்றி எழுதிய நூலில் இந்தக் காட்சியைச் சுட்டியிருக்கிறார்; கலி கிளம்பிய நேரத்தை அவர் போதிய அளவு கவனித்ததாகத் தெரியவில்லை. பரிகாரம் செய்து போகவில்லை, இடம் மாறி உட்கார்ந்தும் போகவில்லை. ஆட்டம் தெரிந்ததும் போயிற்று.

ஆய்வு நெறிப்படி முடிவைச் சித்தப்பாவிடமே சமர்ப்பித்தோம். பொறுமையாகக் கேட்டார். "சரி தம்பி, அந்த அறுபது என் தப்புன்னே வெச்சுக்குங்க. மிச்ச இருபது? அந்த ஆட்டத்துக்குக் கலைச்சுப் போட்டது யாருன்னு எழுதினீங்களா?"

கலைத்தவர் மாப்பிள்ளையின் அப்பா. முகூர்த்தத்துக்கு இன்னும் ஐந்து மணி நேரம் இருந்தது. எழுதவில்லை.