முட்டிக்குக் கரண்ட்

சித்தூர்க்காரனுக்கு மட்டும் முட்டி வலி வரவே கூடாது. சுமார் 70 கிலோமீட்டர் தள்ளி அலிபிரியிலிருந்து திருமலைக்கு 3,550 படிகள். படிக்குப் படி குனிந்து மஞ்சள் குங்குமம் வைத்துக்கொண்டே ஏறிவிடுகிறார்கள் பாட்டிகள். நானோ, மாடியில் காயும் வேட்டியை எடுத்துவரச் சொன்னாலே முட்டியைப் பிடித்துக்கொள்கிறவன்.

திருப்பதியில் காட்டலாம் என்றாள் மனைவி. போலியோவில் கால் சூம்பியவர்களை நடக்கவைத்த தேவஸ்தானத்தின் பர்ட் மருத்துவமனை இருக்கும் ஊர் அது. சோபாவிலேயே சோம்பிப்போன முட்டியோடு அங்கே போகக் கூசியது. சித்தூரிலேயே ஒரு பிசியோதெரபி கிளினிக்கில் படுத்தேன்.

முட்டியைச் சுற்றி நாலு பேட் ஒட்டி, "கரண்ட் பெடுதுன்னானு அங்கிள்" என்றது தெரபிஸ்ட் பெண். பல்ப் மாற்றவே எலக்ட்ரீஷியனைக் கூப்பிடும் பரம்பரை எங்களுடையது. பெருமாளை நினைத்துக் கண்ணை மூடினேன். ஷாக் எங்கே? இதமான குறுகுறுப்புதான். "கொஞ்செம் பெஞ்சம்மா" என்று கரண்டைக் கூட்டச் சொல்லிக் கேட்டு வாங்கவே ஆரம்பித்துவிட்டேன்.

இந்தக் குறுகுறுப்பில் வலி ஏன் அடங்குகிறது என்பதற்கு மெல்சாக், வால் என்ற இருவர் 1965-இல் ஒரு விளக்கம் சொன்னார்கள்: தண்டுவடத்தில் வலிக்கு ஒரு கதவு. திருமலை க்யூ காம்ப்ளெக்ஸில் காய்ந்த நமக்கு இது சுலபம். குறுகுறுப்பு, தடித்த நரம்பில் விரைந்து வரும் விஐபி பிரேக். வலி, மெல்லிய நரம்பில் ஆடி அசைந்து வரும் தர்ம தரிசனம். விஐபி நுழைந்ததும் கம்பார்ட்மெண்ட் கதவை அடைத்துவிடுகிறார்கள். வலி ஊருக்குத் திரும்பிவிடவில்லை. கதவு திறக்கும்வரை உள்ளே உட்கார்ந்திருக்கிறது.

அடுத்து, தொடைக்கு வேறு கரண்ட். நான் சும்மா படுத்திருக்க, தசை தானே துள்ளியது! 18-ஆம் நூற்றாண்டில் கால்வானியின் மேஜையில் தவளைக்கால் உதறிய அதே சமாச்சாரம். வித்தியாசம், அந்தத் தவளை செத்திருந்தது. என் உடற்பயிற்சியை மின்சார வாரியமே ஏற்றுக்கொண்டதென்று பூரித்தேன். "தசை இறுகும்போது நீங்களும் சேர்ந்து இறுக்கணும் அங்கிள், வீட்ல தினமும் காலைத் தூக்கி இறக்கணும்" என்று அந்தப் பெண் சொன்னது மட்டும் காதில் விழவில்லை.

என் மச்சானுக்கும் இதே முட்டி வலி. நெஞ்சில் பேஸ்மேக்கர் இருப்பதால் அவருக்குக் கரண்ட் வைக்க மறுத்துவிட்டார்கள். பாவம், வேறு வழியின்றி தினமும் காலைத் தூக்கி இறக்கினார். இப்போது காணிப்பாக்கம் கோயில் க்யூவில் மணிக்கணக்கில் நிற்கிறார்.

மனைவி என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஏங்க, உங்களுக்கும் ஒரு பேஸ்மேக்கர் வெச்சிடலாமா?"